கேட்டது சீலை, வந்தது பை

பிள்ளைகளே, ஓசூரில் நாங்கள் குடியிருந்தபோது, ஜவளகிரியிலிருந்து வந்த கன்னடக்கார அம்மாள் ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தார். ஒல்லியானவர். கண்ணுக்குக் கீழே எப்போதும் கருப்புப் படர்ந்திருக்கும். கேழ்வரகுக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து ஊராருக்குத் துணி தைப்பார். அடிக்கொரு தரம் ஊசியைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்வார். எண்ணெய் பட்டால் ஊசி வழுக்கிப் போகுமாம்.

கல்லாவியில் தன் தங்கை கல்யாணத்துக்குக் கட்ட உங்கள் அம்மாவிடம் இருந்தது ஒரே நல்ல சேலை. அது கிழிந்துவிட்டது. அதை அவரிடம் கொடுத்து, "அக்கா, சீல தெச்சுக் குடுங்க" என்றாள்.

புறப்படும் நாள் காலையில் அவர் ஒரு பையை நீட்டினார். சேலையை வெட்டியதுபோக மீதித் துணி அதற்குள் மடித்து வைத்திருந்தது.

"சீல எங்கக்கா?"

"இதேம்மா! நீ சீல தானே கேட்டே?"

கன்னடத்தில் பைக்குச் 'சீல' என்று பெயர். விஷயம் புரிந்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ தேவரே, கடவுளே! குடும்மா, பிரிச்சு ஒட்டுப் போடறேன்." ஊசியைத் தலைமுடியில் தேய்க்கும்போதே, இரவெல்லாம் விழித்த கண் சொருகியது.

"வேண்டாங்க்கா, போய்ப் படுங்க. கட்டிக்கிட்டுப் போக இருந்தேன், இப்ப தோள்ல மாட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள் உங்கள் அம்மா.

வேறொரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பையோடு பஸ் ஏறினாள். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது, உள்பக்கம் சில்லறை போடச் சின்னதாய் இன்னொரு பை தைத்திருப்பது தட்டுப்பட்டது. யாரும் கேட்காத பை. கண் சொருக உட்கார்ந்து தைத்தவருக்கு, அதையும் வைக்க எப்படி மனம் வந்ததோ! எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.