பார்ட்டு இன்னும் வரல

துப்பாக்கி ரிப்பேர் கடையில் மற்ற ரிப்பேர் கடைகளின் தொல்லை எல்லாமே உண்டு; கூடுதலாக, வாடிக்கையாளர் கையில் துப்பாக்கியும் இருக்கும்.

எனக்குத் திருநெல்வேலி டவுணில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. முறையான லைசென்ஸோடு இருபத்தாறு வருஷமாக நடத்துகிறேன். அதிகம் வருவது பழைய மாதிரி ரிவால்வர்கள்தான். பின்பக்கம் சின்னச் சுத்தியல் மாதிரி நிற்கும் குதிரையை ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால் இழுத்து நிறுத்தினால்தான் அது வெடிக்கும். அதற்கு உதிரி பாகம் எங்கேயும் கிடைக்காது. நானேதான் அரத்தால் ராவிச் செய்ய வேண்டும். மிக்ஸியோ தையல் மெஷினோ பழுது பார்க்கிறவர்கள் இதைப் படித்தால், பெருமூச்சு விடாமல் இருக்க மாட்டார்கள்.

மிச்சமான ஸ்க்ரூ

அம்பாசமுத்திரம் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவர், ரிவால்வரைக் காய்கறிக் கத்தியால் கழற்றிப் பார்த்திருக்கிறார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார். பாகங்களில் புளியோதரை வாசம். ஸ்க்ரூ தலைகள் எல்லாம் சிதைந்து போயிருந்தன. புதிதாகச் செய்து, அவற்றின் தலையிலுள்ள காடிப் பள்ளத்துக்குச் சரியாக உட்காருகிற மாதிரி ஒரு திருப்புளியும் ராவி வைத்தேன். இனிமேலாவது கத்தி அடுக்களையில் இருக்கட்டும் என்றுதான்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு பொடி ஸ்க்ரூ ஒன்று மிஞ்சியது. இரண்டு நாள் மறுபடி பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். எங்கேயும் சேரவில்லை. என் தொழில் மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் மனைவி போன் செய்தார். "அண்ணாச்சி, அந்த டப்பாவுல சின்னதா ஒரு ஸ்க்ரூ கெடந்தா பத்திரமா எடுத்து வைங்க. ஒரு வாரமா மூக்குக் கண்ணாடிக் காலை ஒரு கையால பிடிச்சுக்கிட்டுல்லா டிவி பாக்கேன்."

இரண்டு கைப்பிடி

திசையன்விளைப் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கும் பெண் ஒருத்தி வந்தாள். நாற்பது வயசு இருக்கும். அப்பா இறந்தபின் அவருடைய ரிவால்வர் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தாள். தோட்டத்தில் தனி வீடு. கைப்பிடி அவள் கைக்குப் பெரிது. குதிரையை இழுக்கக் கட்டை விரல் எட்டவில்லை. "அப்பா கை தேஞ்ச பள்ளத்துல என் கை நிக்க மாட்டேங்கு" என்றாள்.

அவள் உள்ளங்கையைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டு, ஈட்டி மரத்தில் கைப்பிடி செதுக்கினேன். முதலாவது தடித்துப் போயிற்று, இரண்டாவது வழுக்கியது. மூன்றாவதைப் பிடித்துப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. வேலை முடிந்தது என்று பழைய கைப்பிடியை இழுப்பறையில் போடப் போனேன். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னாள்: "புதுசு சுடதுக்கு அண்ணாச்சி. இது சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கதுக்கு."

சிவப்புக் குதிரை

உடன்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூட பி.டி. வாத்தியார், ஓட்டப்பந்தயம் தொடங்கி வைக்கிற கேப் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். சத்தம் மட்டுமே போடும். ஆனால் இதற்கும் குதிரையை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். குதிரை நிற்காமல் நழுவியது. அதைத் தாங்கும் காடியைச் சரிசெய்து கொடுத்தேன். வாத்தியார் கிளம்பவில்லை.

"இன்னொண்ணு செய்யணும் அண்ணாச்சி. எட்டாங்கிளாஸ்ல ஒரு பிள்ளை. காது சரியாக் கேக்காது. நல்லா ஓடுவா. ஆனா பக்கத்துப் பிள்ளை கிளம்புனதப் பாத்துத்தான் கிளம்புதா."

குதிரைக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தகட்டுக் கொடி வைத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். இழுத்து நிறுத்தினால் கொடி நிமிர்ந்து நிற்கும், வெடித்தால் படுத்துவிடும். அவளை ஓர ஓடுபாதையில் விட்டு, வாத்தியார் அவள் கண்ணுக்கு எதிரே, கொஞ்சம் முன்னால் தள்ளி நின்று சுட வேண்டும் என்று பேச்சு. போட்டியன்று நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அவள் மூன்றாவதாக வந்தாள். வாத்தியாருக்கு முகம் வாடிவிட்டது. அவளோ மூச்சிரைக்க ஓடிவந்து, கொஞ்சம் உரத்த குரலில் சொன்னாள்: "சார், எனக்கு முன்னால ஒருத்தியும் கிளம்பல."

தேய்ந்த பார்ட்டு

ரிட்டயரான தாசில்தார் ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்தார். மனைவி இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. முதல் தடவை எண்ணெய் போடச் சொன்னார். அடுத்த தடவை துடைக்கச் சொன்னார். மூன்றாவது தடவை, "கை நடுங்குது. குதிரை லேசா இழுபடுத மாதிரி ஸ்பிரிங்க மாத்தித் தாரும்" என்றார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார்.

ரிவால்வரில் ஒரு கோளாறும் இல்லை. அதைத் துணியில் சுற்றி என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "உள்ள ஒரு பார்ட்டு தேஞ்சு போச்சு அண்ணாச்சி. புதுசு வரணும். அதுவரைக்கும் இங்கனயே இருக்கட்டும். வீட்டுல இருக்க தோட்டாவையும் குடுத்துருங்க" என்றேன். வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தார். பாதுகாப்பில் வைக்க எனக்கு அனுமதி உண்டு. முறைப்படி ரசீது எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் தெருத் திரும்பியதும், தூத்துக்குடியில் இருக்கும் அவர் மகளுக்கு போன் போட்டு நான் பார்த்ததைச் சொன்னேன். அவள் அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். மூன்று மாதம் கூடவே இருந்தாள்.

அவர் வாராவாரம் வந்து, "பார்ட்டு வந்துட்டா?" என்று கேட்பார். "இன்னும் வரல அண்ணாச்சி" என்பேன். டீ வரும். முதலில் குடித்ததும் கிளம்பிவிடுவார். பிறகு மனைவியைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு, காலையில் ஆற்றங்கரைக் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவதையும், அங்கே தண்ணீர் ஏறினதையும் இறங்கினதையும் பற்றிப் பேசினார். போன வாரம் வந்தபோது கேட்கவே இல்லை. நானாக, "பார்ட்டு இன்னும் வரல" என்று ஆரம்பித்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார். "தேயாத பார்ட்டு எங்கிருந்துவே வரும்? அது பாட்டுக்கு அங்கனயே கெடக்கட்டும்."

அரசாங்க ரிஜிஸ்டரில் ஒரு வேலைக்கு ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள் என்பதால், இவை எல்லாவற்றுக்கும் நேரே நான் 'பழுது பார்க்கப்பட்டது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.