மரக்காணத்துப் பாசியும் அண்ணன் கல்யாணமும்

1957ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் இருபத்து மூன்றாம் நாள், பகல் பதினொன்று இருபது. இரவெல்லாம் பெய்த மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. காற்று கிழக்கிலிருந்து, அதாவது எங்கள் எருக்குழிப் பக்கமிருந்து, வீட்டை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. பனமலையிலிருந்து விழுப்புரம் வந்து, பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து, அண்ணனுக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் எங்கள் வீடு பார்க்க வந்து சேர்ந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். இறங்கியதும் ஒன்பது பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், பிறப்பைச் சொல்லாமல் நடுவில் தொடங்குகிறானே என்று நினைக்கக் கூடும். அதையும் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்துக்குக் கிழக்கே ஐந்து மைலில் உள்ள எங்கள் ஊரில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அண்ணன் பிறந்தார். எனக்கு நான்கு வயது மூத்தவர். பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு அப்பாவின் மூன்று ஏக்கரில் இறங்கிவிட்டார். எங்கள் குடும்பம் சுத்த சைவம். பெண் வீட்டாரும் அப்படியே. அன்றைய கஷ்டம் முழுவதும் இதனால் வந்ததுதான்.

அந்நாளில் மூட்டை உரம் கடைக்கு வரத் தொடங்கியிருந்தது. அப்பா இரண்டு வருடம் வாங்கிப் போட்டார். “மண்ணு கட்டாந்தரையா ஆயிக்கினு வருது. இன்னும் எத்தினி மூட்ட கொட்டப் போறீங்க?” என்று அண்ணன் சண்டை பிடித்தார். கரையில் ஒதுங்கும் கடற்பாசியைத் தம் தென்னந்தோப்புக்கு எருவாகப் போடுவதாக, மண்டிக்கு வந்த கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அண்ணன் மரக்காணம் போய் மூன்று வண்டிப் பாசி ஏற்றிவந்து வீட்டுக்குக் கிழக்கே குவித்துவிட்டார். மழையில் உப்பு கழுவப்பட்ட பிறகு, மார்கழியில் மண்ணோடு சேர்ப்பதாக ஏற்பாடு.

மழை உப்பைக் கழுவியது. நாற்றத்தைக் கழுவவில்லை. ஊரிலிருந்த பூனையெல்லாம் எங்கள் வீட்டில் குடியேறின. நான் எண்ணியவரை பதினான்கு. பெண் வீட்டார் வருவதற்குள் குவியலை வேறு பக்கம் தள்ளிவிடுங்கள் என்று ஏழு முறை சொன்னேன்.

“நீ சும்மா பேஜாரு பண்ணாத. காத்து மாறிடும்” என்றார் அண்ணன்.

காற்று மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள், இடம் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் அந்தச் சம்பந்தம் இல்லை. அண்ணனோ பனமலைக் கோயிலில் பெண்ணைப் பார்த்த நாள் முதல், கட்டினால் இவர், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே இருபது இலைக்குச் சமையல் தயாராக இருந்தது.

பெண்ணின் அத்தைதான் முதலில் வாய் திறந்தார். “ஏங்க, சைவம்னு சொன்னாங்க. உள்ள கருவாடு வறுக்கற வாசன வருதே?”

“ஐயையோ, அது எருங்க” என்றார் அப்பா.

“எருவா? மாட்டுக்கு மீனா போடறீங்க?”

அண்ணன் முன்னே வந்தார். “அது தழைங்க. எருக்கந்தழை மாதிரி கடல்ல மொளைக்கற தழை. வாங்க, காட்டறேன்.” ஒன்பது பேரையும் குவியலுக்கே அழைத்துப் போனார். ஒரு கொத்தை உருவி, குடத்துத் தண்ணீரில் அலசி, வாயில் போட்டு மென்றார். “பாருங்க, சுத்தமான கீரை.”

அவர் விழுங்கி முடிப்பதற்குள், குவியலிலிருந்து கட்டைவிரல் அளவு நண்டு ஒன்று இறங்கி, அத்தையின் காலை நோக்கி நடந்தது. முந்தின நாள் வந்த கடைசி வண்டியில் அதுவும் வந்திருக்க வேண்டும்.

“கீரைக்குக் காலு மொளைச்சிருக்குதே, மாப்ள!” என்றார் பெண்ணின் தகப்பனார்.

ஒன்பது பேரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறினார்கள். அந்தச் சமையலை நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம். அண்ணன் மட்டும் சாப்பிடவில்லை. பாசியை அள்ளி எறிந்துவிட்டுப் பனமலைக்கு ஆள் அனுப்பலாம் என்றார் அப்பா. “பொண்ணும் வேணும், பாசியும் வேணும்” என்றார் அண்ணன். பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்கழியில் பாசியை மண்ணில் சேர்த்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்தார். மாசியில் ஊர்க் கிணறுகள் எல்லாம் அடிமட்டத்துக்குப் போயின. பக்கத்து வயல்களில் செடி தலை தொங்கியது. பாசி போட்ட மண் மட்டும் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது. இச்செய்தி மண்டி வழியாகப் பனமலைக்கும் போயிருக்கிறது. பங்குனியில் ஒரு நாள் பெண்ணின் தகப்பனார் தனியாக வந்து நின்றார்.

“விதை மல்லாட்டை வாங்கலாம்னு வந்தேன். வேற ஒண்ணுமில்ல” என்றார். கேட்காமலே இன்னும் இரண்டு முறை, வேறு ஒன்றுமில்லை என்றார்.

அண்ணன் ஒரு செடியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார். நான் காயை எண்ணினேன். முப்பத்திரண்டு. சரிபார்க்க மறுபடி எண்ணினேன். இருபத்தாறு. என் எண்ணிக்கை தவறுவதில்லையே என்று நிமிர்ந்தேன். அவர் பேசிக்கொண்டே, உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, ஆறு காய் தின்னுட்டாருப்பா!” என்று கத்திவிட்டேன்.

அப்பா வரப்பிலிருந்து ஓடிவந்தார். “கை நனைச்சிட்டீங்க, சம்பந்தி!”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “பச்ச மல்லாட்டை சாப்பாட்டுல சேர்த்தியா?”

“எங்க நெலம், எங்க வெளைச்சல். அதுக்கு மேல என்னாங்க வேணும்?”

அவர் செடியைத் திருப்பி, வேரில் ஒட்டியிருந்த ஈர மண்ணை விரலால் பிசைந்து பார்த்தார். பிறகு வாயிலிருந்ததை விழுங்கினார். “சரி, குடுக்கறேன். ஆனா வருசத்துக்கு ரெண்டு வண்டி பாசி பனமலைக்கு வந்துடணும். நண்டு இல்லாம.”

வைகாசியில் கல்யாணம். அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். மாமனார் மறையும் வரை, பன்னிரண்டு வருடம் அந்தப் பாசி போயிற்று. ஒவ்வொரு வண்டியையும் உதறிப் பார்த்துத்தான் ஏற்றினார். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எண்பத்தெட்டு வயது வரை வயலுக்கு நடந்து போனார். கடைசி பதினொரு நாள் மட்டும் படுக்கையில் இருந்தார். வலிக்கிறது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்நாட்களில் நேரம் பாராமல் வந்து பார்த்த மருத்துவருக்கும், ஆளுக்கு ஒரு வேளையாகக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், மழையில் நனைந்தபடி மயானம் வரை நடந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். அறுபத்து மூன்று பேரை எண்ணினேன். அன்று என் கண் சரியாகத் தெரியவில்லை.

படுக்கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு, அந்தப் பாசிக் கணக்கை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அண்ணியாரும் பக்கத்தில் இருந்தார். இருபத்து நான்கு வண்டி, வண்டி வாடகை பதினைந்து ரூபாய் வீதம், முந்நூற்று அறுபது.

“அவ்ளோதானா நானு?” என்றார் அண்ணியார்.

திண்ணையில் சாய்ந்திருந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அவன் கணக்கு தப்பு. மாட்டுத் தீனி சேக்கல.”

சேர்த்தேன். வண்டிக்கு இரண்டு ரூபாய். ஆக மொத்தம் நானூற்று எட்டு ரூபாய்.