முதல் கியரில் அணைந்த வண்டி

நாற்பது வயதில், ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு எதிரே, பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி. வாரம் முழுக்கக் கேட்ட இரைச்சல் ஓய்ந்ததும் தெருவே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருக்கும். அன்று பனி வேறு. தெருமுனை கரைந்து போயிருந்தது.

கணவர் பின்னால் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பி, கிளட்சை இறுகப் பிடித்து, முதல் கியரை மிதித்தேன். எஞ்சின் அணைந்தது. நியூட்ரலில் நன்றாக ஓடியது. கியர் விழுந்ததும் மறுபடி அணைந்தது.

"கிளச்சைப் பைய உடோணும். நீ பட்டுனு உட்டர்றே" என்றார்.

ஐந்தாறு முறை இப்படியே. ஒவ்வொரு முறையும் சத்தம் நின்று பனியின் அமைதி வந்து மூடிக்கொள்ளும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை சரியாகத்தானே செய்கிறது?

பதினைந்து வருடமாக நான் பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். தையல் விட்டுப்போனால், எந்த இடத்தில் விடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டேன். 'டக்'கென்று கியர் விழுந்தது. அந்தக் கணமே எஞ்சின் நின்றது. கிளட்ச் இன்னும் என் விரல்களுக்குள்தான் இருந்தது.

"ஏனுங்க, நா கிளச்சை உடவே இல்லீங்க. அதுக்குள்ள நிக்குது."

அவர் ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் நின்றது.

"சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாத்தான கியர் போட்டதும் எஞ்சின் நிக்கும்னு வண்டி வாங்குன கடைல சொன்னாங்க?" என்றேன்.

"ஸ்டாண்டைத்தான் எடுத்தாச்சே."

குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டு மேலேதான் இருந்தது. ஆனால் அதை மடக்கியதும் வெளியே வந்து எஞ்சினை ஓடவிடவேண்டிய சின்ன பட்டன் உள்ளேயே சிக்கியிருந்தது. எதிர்க் கம்பெனியின் பஞ்சு பறந்து வந்து, செயின் எண்ணெயில் ஊறி, அதைச் சுற்றி அடைத்திருந்தது. வீட்டுக்குள் போய் நூல் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து, அதன் முனையால் கிளறி எடுத்தேன். பட்டன் துள்ளி வெளியே வந்தது.

"உன்னையப் போய்க் குத்தம் சொல்லீட்டனே" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

மறுபடி ஏறினோம். கியர் விழுந்தது; எஞ்சின் நிற்கவில்லை. கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி பனிக்குள் நகர்ந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக எதிரே தோன்றி மறைந்தன. இரண்டாம் கியர் போடவேண்டும் என்பதே எனக்கு நினைவில்லை.