கோமளா கை வைத்த ஜெனரேட்டர்

பையிலிருந்து மீட்டரை எடுப்பதற்கு முன் கோமளா குண்டு பல்பைத்தான் எடுப்பார். இருநூறு வாட் பல்பு, ஹோல்டர், இரண்டு முழம் ஒயர். வண்டிக்குள் ஒரு பிளக்கில் அதைச் செருகி, ஏதாவது கைப்பிடியில் தொங்கவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஜெனரேட்டர் ஓடும். அவர் பல்பைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். வண்டிக்காரர்கள் பொறுமை இழந்து, "ஆன்ட்டி, சீரியலா பாக்கறீங்க?" என்று கேட்பதுண்டு. "மீட்டர் நம்பரைச் சொல்லும். பல்புதான் மூஞ்சியைக் காட்டும்" என்பார், கண்ணை எடுக்காமல்.

வயது அறுபத்து நான்கு. பூர்வீகம் திருச்சி. டெல்லியில் அரசுக் கட்டிடங்களின் ஜெனரேட்டர் அறைகளில் முப்பத்தோரு வருடம் கழித்து, ஜூனியர் இன்ஜினீயராக ஓய்வு பெற்றவர். இப்போது ஆர்.கே.புரத்தில் மகள் இந்துஜாவின் குவார்ட்டர்ஸில் வாசம். அம்மா இனி மலை மந்திர் முருகன் கோயில் படிகளை ஏறி இறங்கிப் பொழுதைப் போக்குவாள் என்று மகள் கணக்குப் போட்டிருந்தாள். அம்மாவோ கேரவன் வண்டிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டிருக்கிறார். படுக்கை, அடுப்பு, ஏசி, குளிக்க ஒரு மூலை என்று சகலமும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வண்டிகள். எல்லாவற்றின் வாலிலும் ஒரு சின்ன ஜெனரேட்டர் உண்டு. அது முரண்டு பிடித்தால் கோமளாவுக்குப் போன் வரும்.

வேலை நேரத்தில் புடவைக்கு மேல் மருமகனின் பழைய முழுக்கைச் சட்டை. காலில் ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு. ஜெனரேட்டர் அவருக்கு எப்போதும் 'இவன்'தான். "இவன் காலைல ஒழுங்கா இருக்கான், வெயில் ஏறினா சோம்பல்" என்று சொல்லும்போது, யாரோ வேலைக்குப் போகாத மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நான் கை வெச்சது திரும்பி வராது" என்பது அவர் வேலை முடித்துக் கிளம்பும்போது வழக்கமாகச் சொல்லும் வாசகம்.

போன வாரம் விஜயனின் வண்டியிலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அந்த வண்டி திரும்பி வந்துவிட்டது.

விஜயன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், மூன்று கேரவன்களுக்குச் சொந்தக்காரர். இந்த வண்டியை எடுத்திருந்தவர் கிட்வாய் நகரில் இருக்கும் ரூபி என்ற நர்ஸ். அவருடைய கணவர் டேவிட்சனுக்கு நுரையீரல் பழுது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாங்காது. விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஹைதராபாத்தில் மகளுக்குக் கல்யாணம். கைபிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப்போக அப்பா வந்தே ஆக வேண்டும் என்று மகளுக்குப் பிடிவாதம். அப்பாவுக்கு அதைவிடப் பிடிவாதம். எனவேதான் இந்த வண்டி. ஆனால் வெள்ளோட்டம் பார்த்தபோது, ஓடத் தொடங்கி அரை மணியில் ஏசியின் சத்தம் கம்மியது, விளக்குகள் சோர்ந்தன, மெஷின் கீகீ என்று கத்தியது. ஒரு நிமிடத்தில் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. பிறகு மறுபடியும்.

"நின்னு போனாக்கூட சிலிண்டரை மாட்டிருவேங்கா. இது வருது, போகுது. நான் கண்ணசந்த நேரம் பாத்துப் போச்சுன்னா என்ன செய்வேன்?" என்றார் ரூபி. நெல்லைச் சீமைப் பேச்சு. பயத்தை அடக்கிப் பழகிய குரல்.

புதன்கிழமை காலை பத்து மணி. ரூபியின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. கோமளா பல்பைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். விஜயன் வெளியே போனில் ஜெனரேட்டர் விற்ற கடைக்காரரை இந்தியில் காய்ச்சிக்கொண்டிருந்தார். நடுவில் தலையை நீட்டி, "ஆன்ட்டி, ஜெனரேட்டரே பேக்கார், எதுக்கும் உதவாது. கம்பெனி ஃபால்ட்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். பாக்கி நான் பாத்துக்கறேன்" என்றார்.

இருபத்தெட்டாவது நிமிடம் பல்பு மங்கியது. மஞ்சளாகி, பழுப்பாகி, திரும்ப வெளுத்தது. கோமளா பல்பைப் பார்த்தாரே தவிர, காது பின்பக்கம் இருந்தது. ஜெனரேட்டரின் சத்தம் ஒரு துளியும் மாறவில்லை. போன வாரம் பல்போடு சத்தமும் இறங்கியது. அதனால் அழுக்கேறிய டீசல் ஃபில்டரை மாற்றினார். அந்த நோய் போய்விட்டது. இது வேறு நோய்.

"இன்ஜின் திடமா ஓடுது. கரண்ட் எங்கயோ வழியில சிக்குது" என்றவர், பையிலிருந்து இன்னொரு பல்பை எடுத்தார். ஜெனரேட்டரிலிருந்து ஒயர் கிளம்பும் இடத்திலேயே அதை மாட்டி, ரூபியை அங்கே நிற்க வைத்தார். உள்ளே இருக்கும் பல்புக்குத் தாம் காவல்.

"இங்க மங்குது!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் கோமளா.

"இங்க மங்கலியே அக்கா. ஜம்முன்னு எரியுதுல்லா."

அப்படியென்றால் கோளாறு இரண்டு பல்புகளுக்கும் நடுவே. நடுவே இருப்பது ஒரே ஒரு பெட்டி. வீட்டு மின்சாரமா, ஜெனரேட்டரா என்று மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் பெட்டி, கட்டிலுக்கு அடியில். கோமளா ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் குப்புறப் படுத்து மூடியைத் திறந்தார். உள்ளே டார்ச் அடித்தார்.

ஒயரின் நுனியில் மாட்டும் செம்பு வளையத்தை டெல்லி எலக்ட்ரீஷியன்கள் திம்பிள் என்பார்கள். ஜெனரேட்டர் பக்கத்து திம்பிள் ஒன்று கருகிக் கிடந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் டேப் மூன்று சுற்று. டேப்பின் நுனி முக்கோணமாக மடித்திருந்தது, அடுத்து பிரிக்கிறவருக்கு நகம் நோகக்கூடாதென்று. அப்படி மடிப்பவர் டெல்லியில் ஒருவர்தான்.

ஃபில்டரை மாற்றிய கையோடு, பழசாக இருக்கிறதே என்று போன வாரம் அவரே போட்ட புது திம்பிள். அதை ஒயரோடு சேர்த்து நெரிக்கும் கருவியை அன்று வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். வெறும் கட்டிங் பிளேயரால் அமுக்கி, இன்றைக்கு இது போதும் என்று மூடிவிட்டார். குளிர்ச்சியில் பிடித்துக்கொள்ளும், சூடேறினால் பிடி நழுவும். இதே காரியத்துக்காக முப்பத்தோரு வருடம் எத்தனை பேரைத் திட்டித் தீர்த்திருப்பார்! கட்டிலுக்கு அடியில் அவர் முகம் எரிந்தது.

வெளியே விஜயன் இன்னும் கடைக்காரரை விடவில்லை. திம்பிளை வெட்டி எறிந்து புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. கோமளா வெளியே வந்து முழங்கையைத் துடைத்தார்.

"விஜயா, போனை வை. கடைக்காரன் மேல தப்பில்ல. ஜெனரேட்டர் மேலயும் இல்ல. நான் போட்ட ஜாயின்ட்டுதான் நழுவியிருக்கு."

விஜயன் போனை இறக்கினார். "அச்சா..." என்று இழுத்தார். ரூபியின் முகம் சிவந்தது.

"நடுரோட்டுல இது நடந்திருந்தா?"

"நடந்திருந்தா நான்தான் காரணம்" என்றார் கோமளா.

மூக்கில் குழாயோடு கதவோரம் உட்கார்ந்திருந்த டேவிட்சனுக்குத்தான் மனது கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "விடுங்கம்மா. யானைக்கும் அடி சறுக்கும்" என்றார்.

"சறுக்கினது யானைதான் ஸார். ஆனா விழுந்திருக்கப்போறது நீங்கதானே?"

இந்த முறை கருவி பையில் இருந்தது. புது திம்பிளை நெரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்து, பெட்டிக்குள் முடுக்கினார். பிறகு ஏசி, ஃபிரிட்ஜ், மெஷின் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னார். டேவிட்சனைக் கட்டிலில் படுக்க வைத்து, சிலிண்டரோடு ரூபியும் பக்கத்தில் உட்கார்ந்தார். பல்பு எரிந்தது. அரை மணி கடந்தது. ஒரு மணி கடந்தது. விஜயன் டீ வாங்கிவந்து நீட்டினார், ஆறிப்போனது. கோமளா இரண்டு தடவை ஜெனரேட்டரை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, திம்பிள் சூடேறியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்றே கால் மணி நேரம் பல்பு ஒருமுறைகூடச் சிணுங்கவில்லை. டேவிட்சன் குறட்டையே விட்டார்.

"பக்கா தானே ஆன்ட்டி? திரும்பி வராதுல்ல?" என்றார் விஜயன்.

வழக்கமான வாசகம் கோமளாவின் வாயில் வரவில்லை. "வழி நெடுக, சாப்பிட நிறுத்துற இடத்துல எல்லாம் ஜெனரேட்டரை அணைச்சிட்டு இதைத் தொட்டுப் பாக்கச் சொல்லு டிரைவரை. சுட்டா உடனே எனக்குப் போன் பண்ணணும்" என்றார்.

ரூபி எழுந்து, அவரையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் கல்யாணப் புடவைகள் இருக்கும் பெட்டி. அதை வண்டிக்குள் தூக்கி வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளினார்.

விஜயன் தரையைக் கூட்டிவிட்டு, கருகிய திம்பிளையும் போடச் சொல்லிக் குப்பைக் கூடையை நீட்டினார். கோமளா தலையசைத்து மறுத்தார். கை வளையலில் தொங்கிய ஊக்கைத் திறந்து, திம்பிளின் துளையில் நுழைத்து மூடி, வளையலிலேயே திரும்ப மாட்டிக்கொண்டார்.