மூன்றாவது பேரிங்

என் கணவரைக் கொன்றது என் வலது கால்தான் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் பகலெல்லாம் ஆபீஸில் காகிதத்தோடு கிடப்பவர். கையில் கிரீஸ் பட்டால்தான் அவருக்கு விடுமுறை. பழைய கார் ஒன்று வாங்கி, லிங்கராஜபுரத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலிலேயே இன்ஜினைப் பிரித்தார். கூட அவருடைய தம்பி, பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். சனிக்கிழமை சனிக்கிழமையாக இருவரும் உட்கார்ந்து மறுபடி கோர்த்து முடித்தார்கள். வண்டி முதல் தடவை உறுமியபோது தெருவே வந்து பார்த்தது. என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "புது இன்ஜின் மாதிரி இது. கொஞ்ச நாளைக்கு நாப்பதுக்கு மேல போவக் கூடாது, தெரியுதா?"

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே வண்டியை எடுத்தேன். ரிங் ரோடு காலியாக இருந்தது. எண்பதில் போனேன். அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம் கிளம்பியது. மூடியிருந்த கண்ணைத் திறந்து, "என்ன சத்தம் அது?" என்றார்.

"ஒண்ணுமில்ல. பேசாதீங்க."

நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மேம்பாலத்துக்குக் கீழே இன்ஜின் இறுகி, வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஆட்டோ ஒன்றை நிறுத்தி, அவரைத் தூக்கி ஏற்றுவதற்குள் என் தோளில் அவர் தலை கனத்துவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அடக்கத்தன்று கொழுந்தனார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "புது இன்ஜினை அண்ணி முறுக்கிட்டாங்க." குற்றம் சாட்டும் குரல் இல்லை. ஆனாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு நான் தனியாக இல்லை. குக்கர் மூடி ஆடினால், நான் பாடம் எடுக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை பெஞ்சைத் தட்டினால், "என்ன சத்தம் அது?" என்று அவர் கேட்பார். பக்கத்து சீட்டிலிருந்து கேட்கும் அதே தூரத்தில். வாசலில் ஓடாமல் கிடந்த காரின் உறை காற்றில் உப்பி அடங்கும்போது யாரோ உள்ளே மூச்சு விடுவது போலிருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கேட்டைத் திறப்பேன்.

வீட்டு ஓனர் கார் நின்ற இடத்தைக் காலி செய்யச் சொன்னார். இன்ஜின் ஓடாத காரை யாரும் வாங்கத் தயாரில்லை. தெருமுனை மெக்கானிக் இன்ஜினை இறக்கிப் பார்த்துவிட்டு, "கிராங்க் அசையவே மாட்டேங்குது, மேடம். மிஷின் ஷாப்லதான் கழட்டணும்" என்றார். கொழுந்தனார் லக்கேஜ் ஆட்டோ கொண்டுவந்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

சிவாஜிநகரில் கறிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தப் பட்டறை. முதலாளி கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளே சுழலும் கிராங்க் தண்டைப் பிடித்திருந்த மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொரு மூடியிலும் பாதி வளையம் போல ஒரு பேரிங்; அதன் மறுபாதி தண்டுக்கு அடியில். மூன்றாவது கருகி, தண்டோடு ஒட்டிக்கிடந்தது. அதன் இரண்டு பாதியையும் தட்டி எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரே, இதை யாரு ஃபிட் பண்ணது?"

கொழுந்தனார் குனிந்து பார்த்தார்.

"மேல் பாதியில ஓட்டை இருக்கணும், மேடம். அது வழியாத்தான் ஆயில் வரும். கீழ் பாதியில ஓட்டை கிடையாது. மத்த நாலும் சரியா இருக்கு. இந்த மூணாவது மட்டும் உல்டா. ஓட்டை இல்லாத பாதி மேல போய் ஆயில் வழியை அடைச்சிட்டு உக்காந்திருக்கு, பாருங்க." அந்தப் பாதியின் முதுகில் ஆயில் துளையின் காசளவு வட்டத் தடம் இருந்தது. "யாரு செஞ்சது?"

எனக்கு இன்ஜின் கோர்த்த நாட்களில் ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. என் கணவர் ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். டீ கொண்டுபோனபோது இன்ஜின் முன்னால் தம்பி மட்டும்தான் இருந்தார். "அண்ணி, மூணாவது நானே முடிச்சிட்டேன்" என்று சிரித்தார்.

இப்போது கொழுந்தனார் வாயைத் திறக்கப் போனார்.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

"அவரு வரலையா?"

"இல்ல. தவறிட்டார். வண்டி நின்ன அன்னிக்கே. நான்தான் ஓட்டினேன். வேகமா."

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வேகத்துல ஒண்ணுமில்ல, மேடம். இருபதுல போயிருந்தாலும் இது பிடிச்சிருக்கும். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு."

இரண்டு வருடமாக நான் ஏங்கிய வார்த்தை அதுதான் போல. வந்தபோது அதை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. கொழுந்தனார் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் அங்கிருந்த மண்ணெண்ணெய் டப்பாவில் கையை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்.

தண்டைக் கடைந்து, புதுப் பேரிங் போட்டு இன்ஜின் திரும்பி வந்தது. ஓசூர்க்காரர் ஒருவர் காரை ஓட்டிப் போனார். பட்டறைக்குப் போய் வந்த நாளிலிருந்தே என் கணவர் குரல் நின்றுவிட்டது. குக்கர் மூடி ஆடினால் மூடி மட்டும்தான் ஆடுகிறது. செத்தவர்தானே, தாங்கிக்கொள்வார் என்று நினைத்துப் பழியை அவர்மேல் போட்டேன். கோபித்துக்கொண்டாரோ என்னவோ.

கார் போன மறுவாரம் கொழுந்தனார் மத்தியானத்தில் வந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"தெரிஞ்சுதான அண்ணன் பேரைச் சொன்னீங்க?"

"ஆமா."

"அம்மாகிட்டயாவது சொல்லிடட்டுமா, அண்ணி?"

"வேணாம். அவங்க தாங்க மாட்டாங்க."

"அப்ப நான் இதை எங்கதான் வெச்சுக்கறது?"

உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன். பாதியிலேயே கையைக் கழுவிக்கொண்டார். அதிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருகிறார். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம், தண்ணீர் வராததைப் பற்றிப் பேசுகிறோம். கிளம்பும்போது கேட் வரை போகிறேன். பின்னாலிருந்து பார்த்தால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நடை. அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நான் உள்ளே வந்துவிடுகிறேன்.