பாலஸ்தீனத்துப் பாட்டன்மார் ஒன்பது பேர்

கல்யாணமான இரண்டாம் வருஷமே என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். உலகச் சண்டை முடிந்து அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு கம்பளியும் ஒன்பது பாட்டன்மாரும் கூட வந்தார்கள். பாட்டன்மார் எங்கள் வம்சம் இல்லை. பாலஸ்தீனத்தில் இவருடைய முகாமுக்குப் பக்கத்தில் ஒலிவத் தோப்பு வைத்திருந்த ஒரு குடியானவரின் பாட்டன்மார்.

அந்தக் குடியானவர் இவருக்கு நல்ல சிநேகிதர். அவர் வீட்டுச் சுவரில் வம்சத்தையே ஒரு மரமாக வரைந்து மாட்டியிருந்தார்களாம். சிநேகிதரின் தகப்பனார் அதைக் காட்டி ஒன்பது தலைமுறைப் பேரையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "உன்னுடையதைச் சொல்" என்றிருக்கிறார். இவர் மூன்றோடு நின்றுவிட்டார். வீடே சிரித்ததாம். ரோஷம் வந்தால் மனுஷன் சொந்தப் பாட்டனைத் தேட வேண்டியதுதானே? இவர் அவர்களுடைய ஒன்பதையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். சிநேகிதரின் அம்மா எனக்கென்று சிவப்பு நூலில் பூ வேலை செய்த துணி ஒன்றும் கொடுத்தனுப்பியிருந்தார். அங்கே ஊருக்கு ஊர் பூ மாறுமாம். துணியைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண் தைத்தது என்று சொல்லிவிடுவார்களாம். அதை நினைத்து நினைத்து நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் முகம் மழிக்கும்போது இவர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, இன்னார் மகன் இன்னார், அவர் தகப்பன் இன்னார் என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பார். நான் பக்கத்தில் மோர் கடைந்துகொண்டிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஊரான் வூட்டுப் பாட்டன் ஒம்போது பேரு தெரியுது, நம்ம வூட்டுப் பாட்டன் மூணோட நிக்குறாரு. வெளில சொல்லிடாதீங்க."

"ஏ புள்ள, அவங்களும் நம்மள மாதிரிதான். பாட்டன் பேரைத்தான் பேரனுக்கு வைக்குறாங்க" என்பார். அதில்தான் இவருக்குக் கஷ்டமே. ஒரே பேர் இரண்டாவதிலும் வரும், நாலாவதிலும் வரும். நாலாவதுக்கு வந்ததும் மறுபடி மூன்றாவதுக்கே போய்ச் செக்குமாடு மாதிரி சுற்றுவார். நோட்டைப் பார்த்தால்தான் ஐந்தாவதுக்குப் போக முடியும். இரண்டு வருஷத்தில் ஒப்பிப்பதும் நின்றுபோனது. நோட்டு பரணுக்குப் போனது.

ஒரு போகிக்குப் பரணைச் சுத்தம் பண்ணினேன். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், பழைய பஞ்சாங்கம் எல்லாவற்றையும் விடியற்காலையில் வாசலில் போட்டுக் கொளுத்தினேன். ஓரமெல்லாம் கரையான் அரித்த அந்த நோட்டையும் நான்தான் நெருப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது என்று சந்தோஷம் வேறு பட்டேன்.

சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. யாரையோ பிடித்து இங்கிலீஷில் எழுதியிருந்தார் சிநேகிதர். போஸ்ட் மாஸ்டர் எங்கள் இருவருக்கும் படித்துச் சொன்னார். போன வருஷம் எங்கள் நாட்டில் மூண்ட சண்டையில் ஊரை விட்டு ஓடி வந்துவிட்டோம், கூடாரத்தில் இருக்கிறோம். வழியில் அப்பா இறந்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்தது சுவரோடு போயிற்று. பிள்ளைகள் நாம் யார் என்று கேட்கிறார்கள், எனக்கு ஐந்துக்கு மேல் நிச்சயமில்லை, நீ எழுதிக்கொண்டு போனாயே, அதை அனுப்பு.

வீட்டுக்கு வந்ததும் இவர் நேரே பரணில் ஏறினார். நான் பின்னாலேயே போனேன். ஏணிக்குக் கீழே நின்றபடியே சொன்னேன்.

"தேடாதீங்க. போகிக்கு நான் கொளுத்திட்டேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இவர் இறங்கி வந்து, தலையில் ஒட்டடையோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சுவர் இல்லாத ஒரு குடும்பத்தின் கடைசிக் காகிதத்தை நான் எரித்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மோர் கடைந்துகொண்டிருந்தேன். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு பேர், மறு இழுப்புக்கு அவர் தகப்பன் பேர் என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. நாலாவதைத் தாண்டியது, ஐந்தையும் தாண்டியது. ஒன்பதில் வந்துதான் நின்றது. இவர் வாய் நிறைய வேப்பங்குச்சியோடு ஓடி வந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு!"

மத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். வரவில்லை. கயிற்றைப் பிடித்தேன், வந்தது.

தமிழில் எழுதி அனுப்பினால் அங்கே யார் படிப்பது? பெரம்பலூர் போய் பஸ் மாறி லெப்பைக்குடிக்காட்டில் அரபு ஓதிக்கொடுக்கும் ஆலிம்சா ஒருவரிடம் போனோம். விஷயத்தைக் கேட்டதும் பாய் விரித்து, "உக்காருங்கம்மா, சொல்லுங்க, எழுதுறேன்" என்றார். கையில் கயிறு இல்லாமல் எனக்கு முதல் பேரே வரவில்லை. இவர் மெதுவாக, "அவளுக்கு மோரு கடையணும்ங்க" என்றார். ஆலிம்சா இவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் உள்ளேயிருந்த அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. தயிர்ப் பானையையும் மத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அந்த வீட்டுத் தயிரைக் கடைந்து ஒன்பது பேரையும் மூன்று முறை சொன்னேன். எனக்குக் கோணலாக வந்த ஓசையை எல்லாம் ஆலிம்சா, "இப்படியா, இப்படியா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகே எழுதினார். வெண்ணெயும் நன்றாகத் திரண்டிருந்தது. அந்த அம்மாள் ஒரு உருண்டை என் கையில் வைத்தார்.

"இன்னும் முடியலம்மா" என்றார் ஆலிம்சா. "எங்க வழக்கத்துல கேட்டு எழுதுனா, யாரு வாயிலேர்ந்து வந்துச்சுன்னும் எழுதிடணும். அந்தப் பெரியவரு சொன்னாரு, உங்க வூட்டுக்காரரு கேட்டாரு. அவருகிட்ட கேட்டது நீங்க. உங்க பேரு என்னம்மா?"

"ஆம்பளைங்க பேரு ஒம்போதுக்குக் கீழ என் பேரு எதுக்குங்க?"

"நீங்க இல்லாட்டி அந்த ஒம்போதும் இல்லியே" என்றார். சொன்னேன். வலமிருந்து இடமாக, மையில் என் பேர் நெளிந்து போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் குடும்பத்து எந்தப் பத்திரத்திலும் அது அதுவரை ஏறியதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. போஸ்ட் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். ஒன்பதும் சரி, படிக்கக் கேட்டதும் என் அம்மாவுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. கூடாரத்துப் பிள்ளைகள் தினமும் காலையில் அதை ஒப்பிக்கிறார்கள். ஒன்பதோடு நிறுத்தத் தெரியவில்லை அவர்களுக்கு, காகிதத்தில் அடியில் இருக்கிற உன் மனைவியின் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் ரொட்டிக்குக் கை நீட்டுகிறார்கள். அது நம் வம்சம் இல்லை என்று திருத்தப் போனேன். என் அம்மா விடவில்லை, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.