இருபத்திரண்டாவது மீட்டரில் ஒரு கருப்புக் கல்

ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை கட்டுமுன் நிலத்தைத் துளைபோட்டுப் பார்ப்பார்கள். துளையிலிருந்து தண்டு தண்டாக வரும் கல்லைக் கழுவி, ஆழ வரிசைப்படி மரப்பெட்டியில் அடுக்கி, பக்கத்தில் மீட்டரை எழுதுவது செங்கமலத்தின் வேலை. நாற்பத்தொரு வயது. ஆறு வருடமாக அந்தப் பரிசோதனைக் கொட்டகையில் இருக்கிறாள். தண்ணீர் பட்டதும் கல்லில் நிறம் எழும்பி வருவதைப் பார்ப்பதற்காகவே நிதானமாக ஊற்றுவாள்.

போன ஆடியில் ஒரு காலை, இருபத்திரண்டாவது மீட்டரில், இளஞ்சிவப்புக் கிரானைட்டுக்கு நடுவே உள்ளங்கை அளவு கருப்பு வந்திருந்தது. சூப்பர்வைசர் பிரவீன் பெட்டியைப் பார்த்ததும் கத்தினான்.

"இன்னாக்கா இது? வேற போர் குழி கல்ல கொண்டாந்து இதுல சொருகிக்கீற. ரிப்போர்ட்டே தப்பாய்டும், எடுத்துக் கடாசு."

"நான் மாத்தி வெக்கலப்பா."

"அப்போ கல்லு தானா நடந்து வந்திச்சா?"

அவளுக்கு முகம் சுட்டது. அவன் போனதும் கோணியை விரித்துத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தாள். உடைந்த முனைகள் பிசகாமல் சேர்ந்தன. சிவப்புக் கல், கருப்புக் கல்லைச் சுற்றி வளைத்து, ஓரிடத்தில் நூலாக அதற்குள்ளேயே புகுந்திருந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை.

மதியம் நிலவியல் படித்த சசிகலா வந்து, குந்தி உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"நீங்க மாத்தலக்கா. இது உள்ளயேதான் இருந்திருக்கு. ரெண்டு நிலம் மோதி மலை எழும்பிச்சு, கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி. நெருக்கறது நின்னப்புறம் மலையோட அடிப்பாகம் உருகிச்சு. அந்தக் குழம்பு விரிசல் வழியா மேல ஏறும்போது பழைய பாறையப் பேத்து இழுத்துக்கிச்சு. அதுதான் இந்தக் கருப்பு. பாதி வழியிலயே நின்னு, மெதுவா ஆறிப்போச்சு. மெதுவா ஆறினதாலதான் இந்தச் சிவப்புக் கல்லோட மணி இவ்ளோ பெருசு."

"மலையா? இங்கியா?" செங்கமலம் வெளியே பார்த்தாள். தகரக் கூரைகளுக்கு மேல் வெறும் வானம்.

"எல்லாம் கரைஞ்சு போச்சு. இது ஆறும்போது தலைக்கு மேல பத்து கிலோமீட்டர் பாறை இருந்திருக்கும்."

"பத்துன்னா எங்க வூட்டுக்குப் போற தூரமாச்சே."

சாயங்காலம் வீடிருக்கும் சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். வண்டி முன்னே போகப்போக அவள் மனதுக்குள் பூமியின் அடியில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கம்பெனி வாசலும் ஒரு அடுக்குப் பாறை. ஷிப்ட் பஸ்களின் ஹாரன் மங்கியது. காற்று வெதுவெதுத்தது, பிறகு கனத்தது. ஏதோ ஒரு சிவந்த இருட்டில், யாரும் பார்க்காமல், கடுகளவு மணிகள் பக்கத்து மணிகளுக்கு இடம்விட்டு வளர்ந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லை.

"அக்கா, ஸ்டேஷன் வந்திச்சு. எறங்கல?"

இறங்கினாள். தரை தட்டையாக இருந்தது அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் பிரவீன் தானாகவே பெட்டியருகே வந்தான். சிவப்பு நூல் ஓடிய இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தான். "சசிகலா மேடம் சொன்னாங்கக்கா. நேத்து வாய விட்டுட்டேன்."

"போட்டோ எடு, ஈரம் காயறதுக்குள்ள," என்றாள் செங்கமலம், தண்ணீர்க் குவளையைச் சாய்த்தபடி.